கதை பிறக்கும் இடம்: கல்கியும் கல்வெட்டுகளும்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஹாஸ்டல் மெஸ் சாம்பார் பத்தி மட்டும் வேண்டாம், அது ஏற்கனவே ஆறு கட்டுரை வந்திருக்கு" என்று மலர்க் குழு நண்பர் போனில் சொன்னார். எனக்கு வேறு என்ன தெரியும்? சிமெண்ட், கம்பி, லெவல், எஸ்டிமேட். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று யோசித்தபோது, சென்ற முறை நம் கல்லூரிக்கு வந்திருந்தபோது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

கல்லூரி இதழுக்குக் கதை எழுத உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளாக ஒரு வரி கூட நகரவில்லை. "அண்ணா, இந்தக் கதை எழுதறவங்களுக்கெல்லாம் ஐடியா எங்கேருந்து வருது? வானத்துலேருந்து விழுமா? நாமும்தான் உக்காந்து யோசிக்கிறோம், ஒண்ணும் வர மாட்டேங்குதே!" என்றார். அன்றைக்கு நான் சிரித்துவிட்டு, "எனக்கென்னப்பா தெரியும், நான் சிவில்" என்று நழுவிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கி நடந்து பார்ப்போம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. உங்களில் சிலர் அதைப் பாட்டி வீட்டுப் பரணில் பைண்டு செய்த புத்தகமாகப் படித்திருப்பீர்கள். சிலர் 2022-லும் 2023-லும் வந்த மணிரத்னம் படங்களாக மட்டும் பார்த்திருப்பீர்கள். பரவாயில்லை, எல்லோருக்கும் வந்தியத்தேவனைத் தெரியும். அது போதும்.

ஏரிக்கரையில் ஒரு குதிரை

1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் கதை தொடங்குகிறது. ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக்கரை மீது ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். ஏரி நிரம்பித் ததும்புகிறது. ஜனங்கள் கட்டுச்சோறும் சித்திரான்னமுமாகக் கரைக்கு வந்திருக்கிறார்கள்.

இது எந்த ஏரி? இன்றைய வீராணம் ஏரிதான். முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டம் உண்டு. அந்தப் பெயர்தான் மருவி வீராணம் ஆயிற்று. கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. பராந்தகனின் மகன் ராஜாதித்தன், கொள்ளிடத்து வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போவதைப் பார்த்து, தன் படைவீரர்களைக் கொண்டே இதை வெட்டினான் என்று கல்கி முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். சிவில்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். தமிழின் மிகப் பிரபலமான சரித்திர நாவல் ஒரு பாசனத் திட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது! அதே ஏரியிலிருந்துதான் 2004 முதல் சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிநீர் போகிறது. சென்னையில் இருக்கும் நம் நண்பர்கள் பலர் வந்தியத்தேவன் பார்த்த ஏரித் தண்ணீரில்தான் காபி போட்டுக் குடிக்கிறார்கள்.

ஆனால் ஆயிரம் ஏரி இருக்க, கல்கி ஏன் இங்கே தொடங்கினார்? தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கல்கி என்ற ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ல் பிறந்த ஊர் புத்தமங்கலம். மாயவரத்துக்கு வடக்கே, மணல்மேடு பக்கம். அதாவது கொள்ளிடத்துக்கு இக்கரை. ஆற்றைத் தாண்டி அக்கரைப் பக்கம் போனால் காட்டுமன்னார்கோயில், வீராணம் ஏரி. ஆடிப்பெருக்கு என்பது அந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமில்லை. புது வெள்ளம் வரும்போது எழும் வாசனையும், வாய்க்கால் சலசலப்பும், கரையில் கூடும் கூட்டமும் பிள்ளைப் பிராயத்திலேயே உடம்பில் ஏறிவிட்ட சமாசாரம். ஐம்பத்தோரு வயதில் அவர் அந்த முதல் பாகத்துக்கு வைத்த பெயரும் 'புது வெள்ளம்'தான்.

ஆக முதல் ஊற்று, வளர்ந்த மண். இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் மண் மட்டும் போதுமா? அந்தத் தாலுகாவில் பிறந்த எல்லோரும் நாவல் எழுதிவிடவில்லையே!

அறிமுகம் ஒரே ஒரு சொற்றொடர்

அடுத்ததாக ஹீரோவுக்கு வருவோம். வந்தியத்தேவன் உண்மையில் இருந்தவனா? இருந்தவன்தான். ஆனால் அவனைப் பற்றிச் சரித்திரம் சொல்வது எவ்வளவு தெரியுமா?

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் ஒரு காரியம் செய்திருக்கிறான். தான் கொடுத்தவை, தன் அக்கா கொடுத்தவை, தன் பெண்டிர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். தனக்கு அடுத்தபடியாக அக்காவைச் சொல்கிறான், கவனியுங்கள். அந்த அக்காதான் குந்தவை. தகப்பனாருக்கும் தாயாருக்கும் கோயிலில் படிமம் எடுத்து வைத்தவர். தகப்பனார் சுந்தர சோழர் பெயரால் நடந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, நிலம் விட்டவர். அவர் கொடுத்த நகை நட்டுகளின் பட்டியலை எழுதும்போது, இவர் ராஜராஜ தேவரின் தமக்கையார், வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று ஓர் அறிமுகம் வருகிறது.

அவ்வளவுதான்! பட்டியலுக்கு முன்னால் வரும் விலாசம் மாதிரி ஒரு சொற்றொடர். நம் மார்க் ஷீட்டில் தகப்பனார் பெயர் போடுவது போல. வேறு சில கல்வெட்டுகளிலும் அந்தப் பெயர் தட்டுப்படுகிறது என்றாலும், அவன் எப்படி இருந்தான், குதிரை ஏறுவானா, குறும்பு பேசுவானா, குந்தவையை முதலில் எங்கே பார்த்தான், ஒன்றும் கிடையாது.

சரித்திர ஆசிரியர் அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட வேண்டியதுதான். ஆதாரம் முடிந்த இடத்தில் அவர் வேலை முடிந்தது. கதாசிரியருக்கோ அங்கேதான் வேலை ஆரம்பம். பேரரசனே தனக்கு அடுத்தபடி வைத்துப் பேசும் அளவுக்குச் செல்வாக்குள்ள ஒரு பெண்மணி. அவளுடைய கணவனைப் பற்றி இவ்வளவு மௌனமா? அப்படியானால் அவன் யாராக இருப்பான்? இந்தக் கேள்வி கல்கிக்குள் விழுந்திருக்க வேண்டும். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் ஓடும் கதையின் நாயகன் ஒரு சொற்றொடரிலிருந்து எழுந்து குதிரை ஏறிவிட்டான்.

கொலை தெரியும், காரணம் தெரியாது

கதையின் நடுநாடி, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை. இதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது? அதே காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டில். வீரநாராயண ஏரி, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற ஊர், அந்த ஊர்ச் சபைக்கு வந்த அரசாணை, எல்லாம் ஒரே வட்டாரம். கல்கி தன் கதாநாயகனை முதல் அத்தியாயத்தில் எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பது இப்போது புரிகிறதல்லவா? கொலைக்கான ஒரே நேரடிச் சாட்சி இருக்கும் ஊரின் வாசலில்!

அந்தக் கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 987-ஐ ஒட்டி. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் ஆகிய சகோதரர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவுமுறைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கி, அவர்கள் சொத்தும் பறிமுதல் என்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கல்வெட்டு கொலையைச் சொல்வதற்காக வெட்டப்பட்டதே அல்ல. பறிமுதலான நிலம் விற்பனைக்கு வந்து, அதை ஒருவர் வாங்கிக் கோயிலில் அறக்கட்டளைக்கு எழுதி வைக்கிறார். அந்த நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது என்று மூலப் பத்திரம் சொல்ல வேண்டுமே, அதற்காகப் போகிற போக்கில் கொலை வருகிறது. ரிஜிஸ்திரார் ஆபீஸ் பாஷையில் சொன்னால், சொத்து வந்த விதம். ஒரு சாம்ராஜ்யத்தின் மாபெரும் துயரம் நில விவகாரத்தின் நடுவே ஒரு கிளை வாக்கியமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி நம் பொறியியல் மூளையைக் கொஞ்சம் தட்டுவோம். கரிகாலன் இறந்தது 970-ஐ ஒட்டி. தண்டனை 987-ஐ ஒட்டி. இடையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். அதில் பெரும்பகுதிக் காலம் ஆண்டவர் உத்தம சோழர். குற்றவாளிகளின் பெயரோடு பிரம்மாதிராஜன் என்ற பட்டம் இருக்கிறது, அது அரசாங்கம் பெரிய அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். ஏன் இந்தத் தாமதம்? உத்தம சோழருக்கு இதில் கை உண்டோ என்று சந்தேகப்பட்டார் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. கிடையாது என்று மறுத்தார் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். கல்வெட்டு வாய் திறக்கவில்லை. யார் என்று சொல்லிற்று, ஏன் என்று சொல்லவில்லை.

கல்கி அந்த 'ஏன்' என்ற ஓட்டைக்குள் நுழைந்தார். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். கரிகாலனோ வீரபாண்டியன் தலை கொண்டவன். அவர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டிருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். கதையில் ரவிதாசன், சோமன் சாம்பவன், தேவராளன் என்ற பரமேஸ்வரன் மூவரும் பாண்டிய மன்னனுக்காகப் பழிவாங்கச் சபதம் எடுத்த ஆபத்துதவிகளாக வருகிறார்கள். அவர்கள் நடுவே நந்தினி. கல்வெட்டில் எங்கும் இல்லாத பெண். முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. ஆனால் அவள் இல்லாமல் அந்தக் கொலைக்கு ஓர் உயிர் வந்திருக்குமா, சொல்லுங்கள்!

இன்னொன்று. அவ்வளவு எழுதியும், குத்தியது யார் கை என்பதைக் கல்கி மூடுபனியிலேயே விட்டுவிட்டார். சாட்சி சொல்லாததைத் தானும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த நாணயம்தான்.

வேண்டாம் என்று சொன்ன மகுடம்

கதையின் கடைசிப் பாகம் 'தியாக சிகரம்'. அருள்மொழிவர்மன் கைக்கு வந்த மகுடத்தைச் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுக்கிறான். கொஞ்சம் அதிகமாக இல்லையா, சினிமா மாதிரி இருக்கிறதே என்று நானும் கல்லூரி நாளில் நினைத்ததுண்டு.

1905-ல் கண்டுபிடிக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31 ஏடுகள். ராஜேந்திர சோழன் காலத்தவை. அதில் வரும் வடமொழிப் பகுதியில் இந்தச் செய்தி இருக்கிறது. கரிகாலனுக்குப் பிறகு ஜனங்கள் அருள்மொழியிடம் ஆட்சியை ஏற்கும்படி வேண்டினார்கள். சிற்றப்பனுக்கு அரசாள ஆசை இருக்கும் வரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் விலகிக்கொண்டான். ராஜராஜனின் மகன் காலத்தில் எழுதியது என்பதால் புகழ்ச்சி கலந்திருக்கலாம். ஆனால் கல்கி கற்பனையாக இட்டுக்கட்டியது அல்ல. அவருக்கு விதை அங்கே கிடைத்தது.

இப்படியே பார்த்துக்கொண்டு போகலாம். முதன் மந்திரி அன்பில் அநிருத்தப் பிரம்மராயர், சுந்தர சோழர் வெளியிட்ட அன்பில் செப்பேட்டிலிருந்து வருகிறார். அருள்மொழி நோயில் படுத்துக் குணமாகும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம், ஆனைமங்கலம் செப்பேட்டிலிருந்து வருகிறது. அது ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்துக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்றே அறியப்பட்டது. பழுவேட்டரையர்கள் பழுவூர்க் கோயில் கல்வெட்டுகளிலிருந்து வருகிறார்கள். கல்லும் செம்பும் பெயரைக் கொடுத்தன. கல்கி பேச்சைக் கொடுத்தார்.

கல்கிக்கு முன்னால் ஓடியவர்கள்

இந்தச் செப்பேடும் கல்வெட்டும் கல்கியின் மேஜைக்கு எப்படி வந்தன? அது தனிக் கதை. ரிலே ரேஸ் மாதிரி.

முதலில் பெயர் தெரியாத கல்தச்சர் உளி பிடித்தார். எட்டு, ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1886-ல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு அறிஞராக வந்த ஜெர்மானியர் ஹூல்ஷ், அவருக்குப் பின் வெங்கய்யா, கிருஷ்ண சாஸ்திரி போன்றவர்கள் கோயில் கோயிலாகப் போய்ப் படியெடுத்தார்கள்; எடுக்க வைத்தார்கள். வௌவால் நாற்றத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் நின்று செய்த வேலை. தஞ்சைக் கல்வெட்டுகள் 1890-களில் அச்சேறத் தொடங்கின. திருவாலங்காட்டுச் செப்பேடு 1920-ல் அச்சாயிற்று. அவற்றை வைத்து நீலகண்ட சாஸ்திரி 1935-ல் தம் சோழர் வரலாற்றின் முதல் பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' முதல் பகுதி 1949-ல் தமிழில் வந்தது. பண்டாரத்தார் பிறந்த ஊர் திருப்புறம்பியம். நாவலில் சதிகாரர்கள் நள்ளிரவில் கூடும் பள்ளிப்படை இருக்கிறதே, அதே ஊர்தான்!

அடுத்த ஆண்டு, 1950-ல், கல்கி தொடங்குகிறார். இந்த இரண்டு பேருடைய நூல்களும் அவருக்குக் கைகொடுத்தன. அவை போதாதென்று கதை நடக்கும் இடங்களுக்கு நேரில் போனார். இலங்கைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஓவியர் மணியம் வரைந்த படங்கள் வாரா வாரம் கூடவே வந்தன. 1954-ல் கதை முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி கல்கி காலமானார்.

இந்த ரேஸில் நடுவில் ஒருவர் குச்சியைக் கீழே போட்டிருந்தால் வந்தியத்தேவன் நமக்குக் கிடைத்திருக்க மாட்டான் என்றால் அது மிகையாகாது.

ஓர் இரவு, பன்னிரண்டு வருடம்

"அப்போ எல்லாமே ரெக்கார்டு ரூம் வேலைதானா அண்ணா? திடீர்னு மனசுல மின்னல் அடிக்கிறதெல்லாம் பொய்யா?" என்று தம்பி கேட்கக்கூடும். பொய்யில்லை. மின்னலும் அடிக்கும்.

'சிவகாமியின் சபதம்' எப்படிப் பிறந்தது என்று கல்கியே அதன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ரசிகமணி டி. கே. சி. போன்ற நண்பர்களோடு மாமல்லபுரத்துக் கடற்கரையில் கழிந்த ஓர் இரவு. சுற்றிலும் பல்லவச் சிற்பங்கள், எதிரே கடல். அங்கேதான் அந்தக் கதாபாத்திரங்கள் மனக்கண்ணில் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். ஆனால் கதை முழு உருவம் பெற்றுப் புத்தகமாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? பல்லவர் வரலாறு படித்தார். 642-ல் நரசிம்ம வர்மன் வாதாபியைப் பிடித்தது சரித்திரம். படை நடத்திய பரஞ்சோதி பெரிய புராணத்தில் சிறுத்தொண்டராக வருகிறவர். ஆயனரும் சிவகாமியும் கற்பனை. மின்னல் ஒரு கணம், மழைக்காலம் பன்னிரண்டு வருடம். அந்தக் கணமும் சும்மா வரவில்லை பாருங்கள். யாரோ ஒரு சிற்பி ஏழாம் நூற்றாண்டில் பாறையில் செதுக்கிவிட்டுப் போனதன் முன்னால் உட்கார்ந்திருந்ததால் வந்தது.

படித்த புத்தகங்களும் ஓர் ஊற்றுதான். வந்தியத்தேவனைப் பார்த்தால் அலெக்சாந்தர் டூமாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' நாயகன் தார்த்தன்யன் ஞாபகம் வருவதாக வாசகர்கள் சொல்வதுண்டு. அவனும் குதிரையில், கையில் ஓர் அறிமுகக் கடிதத்தோடு தலைநகரத்துக்கு வரும் துடுக்கு இளைஞன்தான். அந்த டூமாவுக்கு 1844-ல் கதை எங்கிருந்து கிடைத்தது? 1700-ல் வெளியான ஒரு பழைய நூலிலிருந்து. தார்த்தன்யன் என்ற பெயரில் உண்மையாகவே ஒரு படைத்தலைவன் இருந்து 1673-ல் போரில் மாண்டான். பாரீஸானாலும் பழையாறையானாலும் கதாசிரியர்கள் பழைய தாளையும் பழைய கல்லையும் தட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

ஒன்பது அங்குலம்

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

படிப்பு முடிந்த இரண்டாம் வருடம். டெல்டாவில் ஒரு சின்ன ஊர்ச் சிவன் கோயிலில் திருப்பணி. பெரிய கோயில் அல்ல, டூரிஸ்ட் யாரும் வர மாட்டார்கள். வெளிப் பிராகாரத்தில் மழைத் தண்ணீர் தேங்குகிறது, கருங்கல் பலகை போட்டுத் தர வேண்டும். நான்தான் சைட் என்ஜினீயர். லெவல் எடுத்தேன். தோண்டி வடிகால் போட்டால் செலவு. அதற்குப் பதில் தரையை உயர்த்தி வாட்டம் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். ஒன்பது அங்குலம் ஏற்றினால் போதும். கணக்கு ரொம்ப அழகாக வந்தது.

ஜல்லி கொட்டுகிற அன்றைக்குக் கோயில் ஓதுவார் பக்கத்தில் வந்து நின்றார். வயதானவர். "தம்பி, அடிப்படையில ரெண்டு வரி எழுத்து இருக்கு பாருங்க. தரையை ஏத்தினா உள்ள போயிடும்" என்றார்.

"ட்ராயிங்ல அப்படித்தான் இருக்குங்க ஐயா" என்றேன்.

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அந்த ட்ராயிங்கைப் போட்டதே நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

வேலை சுத்தமாக முடிந்தது. தண்ணீர் தேங்கவில்லை. பாராட்டினார்கள். கும்பாபிஷேகமும் ஆயிற்று.

பிறகு சில வருடம் கழித்து, ஒரு ரயில் பயணத்தில் நேரம் போக 'பொன்னியின் செல்வன்' எடுத்தேன். அந்த ஆர்வத்தில் சோழர் வரலாறும் கல்வெட்டுப் புத்தகங்களும் படிக்க ஆரம்பித்தேன். வந்தியத்தேவனுக்கு ஆதாரம் ஒரே ஒரு சொற்றொடர் என்று படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். இரண்டு வரி என்று அந்தப் பெரியவர் சொன்னாரே!

அந்தக் கோயில் கல்வெட்டுகள் சில அச்சில் வந்திருக்கின்றன. தேடி எடுத்துப் பார்த்தேன். நான் மூடிய இரண்டு வரி அவற்றில் ஒன்றா, இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஏனென்றால் அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் குனிந்து பார்க்கவே இல்லை. சட்டைப் பையில் கேமரா போன் இருந்தது. ஒரு போட்டோ எடுக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

பெரும்பாலும் அது விளக்கெரிக்க ஆடு விட்ட கணக்காகத்தான் இருக்கும். கல்வெட்டுகளில் பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் உடையார்குடியில் இருப்பதும் நிலக் கணக்குதானே? குந்தவையின் கல்வெட்டும் நகைக் கணக்குதானே?

என்ன செய்யலாம்?

அழித்துவிடவில்லை, மூடத்தான் செய்தேன் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். எழுத்து உள்ளே இருக்கிறது. யாராவது ஒருநாள் பலகையைப் பெயர்த்தால் வெளியே வரும். ஆனால் கொத்தி எடுத்ததும், சுண்ணாம்பும் பெயிண்டும் ஏற்றியதும், குழாய்க்கும் ஒயருக்கும் துளை போட்டதுமாக எத்தனையோ சுவர்கள் உள்ளன. அதைச் செய்கிறவர்கள் யார்? மேஸ்திரி என்று கை காட்டுவோம். மேஸ்திரிக்கு லெவல் கொடுத்தது யார்? நம்மைப் போல் பட்டம் வாங்கியவர்கள்தான்.

ஆகவே கட்டடத் துறையில் இருக்கும் என் நண்பர்களுக்கும், நாளைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு விண்ணப்பம். பழைய கோயிலில் கை வைக்கும் முன் சுவரையும் அடித்தளத்தையும் அங்குலம் அங்குலமாகப் படம் எடுங்கள். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். எழுத்து இருக்கும் இடத்தை ட்ராயிங்கில் குறியுங்கள். குறித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் தரையை ஏற்ற மாட்டார்கள். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவர்கள் மைப்படி எடுப்பதை ஒருமுறை கூட நின்று பாருங்கள். சுவரைத் தூரிகையால் சுத்தம் செய்து, நனைத்த தாளை ஒட்டி, தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளத்தில் மை படாது. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக ஆயிரம் வருடத்துக் குரல் எழும்பி வரும். நம் லேபில் எந்தப் பரிசோதனையும் எனக்கு அந்த சிலிர்ப்பைக் கொடுத்ததில்லை.

அந்த இரண்டாமாண்டு மாணவருக்கு, தாமதமான என் பதில் இதுதான். தம்பி, கதை வானத்திலிருந்து விழுவதில்லை. உன் ஊர் ஏரிக்கரையில் இருக்கிறது. தாத்தாவின் பத்திரக் கட்டில், நிலம் வந்த விதம் எழுதியிருக்கும் பாராவில் இருக்கிறது. நம் ஒர்க்ஷாப் மூலையில் கிடக்கும் பழைய லேத்தின் பெயர்ப் பலகையில் கூட இருக்கலாம். அதில் யாரோ ஒரு பெயர் ஒரே ஒரு முறை வரும். ஏன், யார் என்று சொல்லாமல் நின்றுவிடும். அங்கே நீ நில். குனிந்து படி. கேள்வி கேள். நான் அன்றைக்கு அதைத்தான் செய்யவில்லை.

அடுத்த சங்கமத்துக்குள் அந்தக் கோயிலுக்கு ஒருமுறை போய்வர எண்ணம். ஓதுவார் ஐயா இருந்தால் அவரிடம், அந்த ட்ராயிங் நான் போட்டதுதான் என்று சொல்ல வேண்டும். இரண்டு பலகையை மட்டும் பெயர்த்துப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். உரியவர்கள் சம்மதித்தால், கடப்பாரை பிடிக்க நம் பேட்சிலிருந்து நாலு பேர் வருவீர்கள் அல்லவா?